ரேஷன் பட்டியலும் கூலிப் பட்டியலும்

தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-இல் வந்தது. பொது வினியோகம் தொடர்பான ஆவணங்கள் எல்லாம் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும் என்கிறது அதன் 27-ஆவது பிரிவு. கேரளம் 2016-இல் இந்தச் சட்டத்தைக் கையில் எடுத்தபோது, முன்னுரிமைக் குடும்பங்கள் எவை என்ற வரைவுப் பட்டியல் ஊர் ஊராக வெளியிடப்பட்டது. முன்னுரிமைக் கார்டுகளான மஞ்சளும் பிங்க்கும் யாருக்கு, முன்னுரிமையில்லாத நீலமும் வெள்ளையும் யாருக்கு என்று ஊரே படித்தது, ஊரே ஆட்சேபித்தது. 2022-இல் ‘ஆபரேஷன் யெல்லோ’ என்று ஒன்று வந்தது. தகுதியில்லாமல் முன்னுரிமைக் கார்டு வைத்திருப்பவரைப் பற்றி அக்கம்பக்கத்தார் போனில் தகவல் சொல்லலாம், சொன்னவர் பெயர் வெளியே வராது.

பாலக்காடு அருகே கஞ்சிக்கோட்டில் ஒரு ரோலிங் மில்லில் உலைக்கு முன்னால் நிற்கிறவர் வீட்டில் பிங்க் கார்டு இருந்தால், அது யாருக்கும் தெரியாத செய்தி இல்லை. ஆனால் மாதம் முழுக்க வேலை செய்த பிறகும் அந்தக் கார்டு தேவைப்படுகிற அளவுக்கு அவருக்குக் கூலி கொடுக்கிற ஆலை எது என்பது எந்தப் பட்டியலிலும் இல்லை. அரசு அரிசி வாங்குகிறவரின் பெயரை வெளியிடத் தயங்காத நாம், அந்த அரிசியால் கூலிச் செலவை மிச்சம் பிடிக்கிறவரின் பெயரை வெளியிட யோசிக்கவே இல்லை.

அமெரிக்காவில் இதை யோசித்தார்கள். மாசசூசெட்ஸ் மாநிலம் இருபது ஆண்டுகளுக்கு முன்பே, அரசு மருத்துவ உதவியை நம்பியிருக்கும் தொழிலாளர்கள் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனங்களின் பட்டியலை வெளியிடத் தொடங்கியது. 2013-இல் அமெரிக்கக் கீழவையின் ஜனநாயகக் கட்சிக் குழுவினர் விஸ்கான்சின் மாநிலத் தரவுகளை வைத்து ஓர் அறிக்கை எழுதினார்கள்: 300 பேர் வேலை பார்க்கும் ஒரே ஒரு வால்மார்ட் பெருங்கடையால் மக்கள் வரிப்பணத்துக்கு ஆண்டுக்குக் குறைந்தது 9 லட்சம் டாலர் செலவாகிறது என்று. 2015-இல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் தொழிலாளர் மையம் நாடு முழுமைக்கும் கணக்குப் போட்டது. உழைக்கும் குடும்பங்களுக்கான அரசு உதவி ஆண்டுக்கு 15,280 கோடி டாலர் என்றது அது. இந்த வரிசையில் அதிகம் பேசப்பட்டது 2020-இல் அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை. செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் கேட்டதால் எழுதப்பட்டது. 11 மாநிலங்களின் பதிவுகளைத் திரட்டி, உணவு உதவியும் மருத்துவ உதவியும் பெறும் தொழிலாளர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று அது பார்த்தது. வால்மார்ட், மெக்டொனால்ட்ஸ், அமேசான் என்று உலகறிந்த பெயர்கள் வந்தன. அந்தத் தொழிலாளர்களில் ஏறக்குறைய 70 சதவீதம் பேர் வாரத்துக்கு 35 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்கள் என்பது அதில் முக்கியமான செய்தி.

பெயரை வெளியிடும் இந்தப் பழக்கத்தின் பலம் அந்த ஒரு செய்தியிலேயே இருக்கிறது. உதவி வாங்குகிறவர்கள் சோம்பேறிகள் என்ற பேச்சு எல்லா நாட்டிலும் உண்டு. நம் ஊர் டீக்கடையிலும் உண்டு: “ரேஷன் அரிசி சும்மா கிடைக்குது, எவன் வேலைக்கு வர்றான்?” என்பார்கள். முழுநேரம் உழைப்பவர்தான் உதவி வாங்குகிறார் என்று அரசின் பதிவேடே சொல்லும்போது அந்தப் பேச்சுக்குக் கால் இல்லாமல் போகிறது. வெட்கப்பட வேண்டியவர் மாறுகிறார். இதுவரை கார்டைக் கையில் வைத்திருந்தவர் கூசினார். இனி சம்பளப் பட்டுவாடா செய்கிறவர் பதில் சொல்ல வேண்டும். 2018 செப்டம்பரில் சாண்டர்ஸ், இப்படிப்பட்ட நிறுவனங்களிடமிருந்து அந்த உதவித் தொகையை வரியாக வசூலிக்கும் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அமேசான் முதலாளியின் பெயரையே அதற்கு வைத்தார். மசோதா நிறைவேறவில்லை. ஆனால் அடுத்த மாதமே அமேசான் தன் அமெரிக்கத் தொழிலாளர்களுக்கு மணிக்கு 15 டாலர் குறைந்தபட்சக் கூலி என்று அறிவித்தது. அதற்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். பெயர் சொல்லிக் கேட்டதற்கு அதில் பங்கு இல்லை என்று சொல்ல முடியாது.

அப்படியென்றால் இதே பட்டியலை இங்கும் போட்டுவிட்டால் என்ன? வாளையாறு கணவாய்க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தொழிலாளர்களோடு பழகியவன் என்ற முறையில் எனக்கும் முதலில் தோன்றியது அதுதான். ஆனால் கஞ்சிக்கோட்டின் நிலவரத்தில் வைத்துப் பார்த்தால் அந்தப் பட்டியல் மூன்றே அடியில் தடுமாறிவிடும்.

ஒரே உலைக்கு முன்னால் மூன்று பேர் நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் புதுச்சேரி ஊராட்சிக்காரர், அதாவது கஞ்சிக்கோடு இருக்கிற பாலக்காட்டுப் புதுச்சேரி. இன்னொருவர் எட்டிமடையிலிருந்து தினமும் எல்லை தாண்டி வருகிற கோவை மாவட்டத்துக்காரர். மூன்றாமவர் ஜார்க்கண்டிலிருந்து வந்து ஷெட்டில் தங்கியிருப்பவர். மூவருக்கும் ஒரே கூலி. கேரளத்தில் முன்னுரிமைக் கார்டுக்கு மாத வருமானம் 25,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, வீடு 1,000 சதுர அடிக்கு மேல் இருக்கக் கூடாது, ஒரு ஏக்கருக்கு மேல் நிலம் இருக்கக் கூடாது, சொந்தமாக நான்கு சக்கர வண்டி கூடாது. முதலாமவருக்கு அப்பா கட்டிய வீடு கொஞ்சம் பெரிதாக இருந்தால் அவர் வெள்ளைக் கார்டு. கணக்கில் அவர் ‘உதவி பெறாதவர்’. எட்டிமடைக்காரருக்கோ தமிழ்நாட்டின் அரிசிக் கார்டு இருக்கும். அங்கே பொது வினியோகம் அனைவருக்குமானது, அரிசி வேண்டும் என்பவருக்கு அரிசி உண்டு. ஆகவே கணக்கில் அவர் ‘உதவி பெறுபவர்’. அவர் பக்கத்துத் தெருவில் இருக்கும் பள்ளி ஆசிரியரும் அதே கணக்கில்தான் வருவார். ஜார்க்கண்ட்காரரின் கார்டு ஊரில் மனைவி கையில் இருக்கிறது. ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டுத் திட்டத்தில் அவர் இங்கேயும் தன் பங்கை வாங்கலாம் என்றாலும், அந்த அரிசி ஊரில் பிள்ளைகள் சாப்பிட வேண்டியது. கேரளத்தின் பதிவேட்டில் அவர் எங்குமே இல்லை.

மூன்று பேர், ஒரு கூலி, மூன்று விடைகள். கார்டு குடும்பத்தை அளக்கிறது. கூலியை அது அளப்பதில்லை. அமெரிக்கப் பட்டியலுக்கும் இந்தக் குறை உண்டு. ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒரே ஒருவர் சம்பாதித்தால் அவர் உணவு உதவிக்குத் தகுதி பெறுவார். பக்கத்தில் அதே கூலிக்கு வேலை செய்யும் தனியாள் தகுதி பெற மாட்டார். இங்கே இன்னொரு சிக்கலும் சேர்கிறது. கேரளத்துக்கு மத்திய அரசு விதித்திருக்கும் வரம்பு ஏறக்குறைய 1.54 கோடிப் பேர். அதற்கு மேல் முன்னுரிமைப் பட்டியலில் இடமில்லை. தகுதி இருந்தும் காத்திருப்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். எனவே ஓர் ஆலையில் எத்தனை பிங்க் கார்டு என்று எண்ணினால், வறுமையோடு சேர்த்து டெல்லி வைத்த உச்சவரம்பையும் எண்ணுகிறோம்.

அடுத்து ஒப்பந்தக்காரர்கள். கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் கம்பெனியின் நேரடிச் சம்பளப் பட்டியலில் இருப்பவர்களைவிட, கான்ட்ராக்டில் வருகிறவர்களின் நிலைதான் மோசம். அவர்களுடைய முதலாளி யார் என்று கேட்டால் மனிதவளம் சப்ளை செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தின் பெயர் வரும். ஆறு மாதத்தில் அந்தப் பெயரும் மாறும். அமெரிக்கப் பட்டியல்களில் வால்மார்ட் முதலிடத்தில் நிற்பதற்கு அதன் கூலி ஒரு காரணம், அதன் அளவு இன்னொரு காரணம். லட்சக்கணக்கானோரை நேரடியாக வைத்திருக்கும் நிறுவனம் எண்ணிக்கையில் முன்னால் வராமல் எப்படி? அதே வேலையை நூறு ஒப்பந்தக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டவர் அந்தப் பட்டியலிலிருந்து தப்பிவிடுவார். வேலைக்கு எடுத்தவர் அவமானப்படுகிறார், கைகழுவியவர் நல்லபெயர் வாங்குகிறார். இப்படி ஒரு பட்டியலை இங்கே போட்டால், நேரடி வேலையில் இருக்கும் மிச்சம் மீதிப் பேரையும் கான்ட்ராக்டுக்குத் தள்ளிவிட அதுவே காரணமாகலாம்.

எனக்கு மிகவும் கவலை தருவது இதைவிடப் பெரிய அபாயம். பிங்க் கார்டுக்காரர் எண்ணிக்கை கம்பெனியின் பெயரைக் கெடுக்கும் என்றால், கம்பெனி என்ன செய்யும்? கூலியை உயர்த்தலாம். அதைவிட மலிவான வழி, வேலைக்கு எடுக்கும்போதே கார்டின் நிறத்தைக் கேட்பது. மஞ்சள் கார்டு யாரிடம் இருக்கிறது? கணவனை இழந்த பெண்களிடம், தீராத நோயாளி உள்ள வீடுகளில், வாளையாறு பக்கத்து ஆதிவாசி ஊர்களில். வேலை யாருக்கு அதிகம் தேவையோ அவர்தான் வாசலில் திருப்பி அனுப்பப்படுவார். சாண்டர்ஸின் மசோதாவை அமெரிக்காவில் ஏழைகளுக்காகப் பேசுகிற ஆய்வு நிறுவனங்களே எதிர்த்ததற்குக் காரணம் இதுதான். உதவித் தொகையை முதலாளியிடம் வசூலித்தால், குழந்தைகளோடு தனித்து வாழும் தாயை யாரும் வேலைக்கு வைக்க மாட்டார்கள் என்றார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது.

‘அரசு உதவி முதலாளிக்குக் கொடுக்கும் மானியம்’ என்ற வாதத்துக்கு ஒரு பழைய வரலாறும் உண்டு. 1795-இல் இங்கிலாந்தின் பெர்க்‌ஷயர் நீதிபதிகள் ஸ்பீனம்லாந்து என்ற இடத்தில் கூடி, ரொட்டி விலைக்கு ஏற்றபடி ஏழைத் தொழிலாளிகளின் கூலிக்குக் குறைவதை ஊர்ப் பணத்திலிருந்து ஈடுகட்டலாம் என்று முடிவு செய்தார்கள். பண்ணையார்கள் கூலியைக் குறைத்துக்கொண்டு மிச்சத்தை ஊர்ப் பணத்தின் தலையில் கட்டுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு விரைவிலேயே எழுந்தது. அதன் முடிவு என்ன? 1834-இல் ஏழையர் சட்டம் திருத்தப்பட்டது. பண்ணையார்கள் தண்டிக்கப்படவில்லை. வீட்டிலிருந்தபடி வாங்கிய உதவி வெட்டப்பட்டு, உதவி வேண்டுமென்றால் குடும்பத்தைப் பிரித்து அடைக்கும் பணிமனைகளுக்குள் வா என்று ஏழைகள்தான் தண்டிக்கப்பட்டார்கள். மானியம் என்று ஒன்றைப் பெயரிட்டால், அதை நிறுத்து என்ற குரல் முதலாளியின் வாசலுக்குப் போவதற்கு முன்னால் ஏழையின் வாசலுக்கு வந்துவிடுகிறது.

இந்தியாவில் அந்தக் குரல் ஏற்கனவே கருவியோடு நிற்கிறது. ரேஷன் கார்டும் பி.எஃப். கணக்கும் ஆதாரில் கோக்கப்பட்டிருக்கின்றன. ஒரு தொழிலாளி எங்கே வேலை செய்கிறார், அவர் வீட்டில் எந்தக் கார்டு என்று இணைத்துப் பார்ப்பது தொழில்நுட்பத்தில் பெரிய வேலை இல்லை. ஆனால் இதுவரை அந்த இணைப்பு எதற்குப் பயன்பட்டது? 2025-இல் மத்திய அரசு ரேஷன் பட்டியலை வருமான வரி, வாகனப் பதிவு, கம்பெனி இயக்குநர் பதிவு ஆகியவற்றோடு ஒப்பிட்டு, தகுதியற்றவர்கள் என்று ஒரு கோடிக்கும் மேற்பட்ட கார்டுகளைக் குறித்து மாநிலங்களுக்கு அனுப்பியது. பெயரை நீக்க ஒப்பிட்டார்கள். குறைகூலி கொடுப்பவரைக் கண்டுபிடிக்க ஒப்பிட்டதில்லை. அதே இயந்திரத்தின் கையில் இன்னொரு பட்டியலைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ரேஷன் அரிசி உண்மையிலேயே கூலியைக் குறைக்கிறதா என்பதும் அவ்வளவு எளிதில் சொல்லிவிடக்கூடியது அல்ல. வீட்டில் அரிசி இருக்கிறவருக்கு மோசமான வேலையை மறுக்கக் கொஞ்சம் தெம்பு உண்டு. நூறு நாள் வேலை வந்தபோது வயல் கூலி உயர்ந்தது என்று பண்ணைக்காரர்கள் புலம்பியதை நாம் கேட்டிருக்கிறோம். வேலை பார்த்தால்தான் கிடைக்கும், குறைந்த கூலிக்குப் பார்த்தால் அதிகமாகக் கிடைக்கும் என்று வடிவமைத்த உதவி கூலியைக் கீழே இழுக்கலாம். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிடைக்கிற அரிசி தொழிலாளியின் முதுகெலும்பை நிமிர்த்துகிறது. இரண்டையும் ஒரே கூடையில் போட்டு ‘மானியம்’ என்று சொல்வது தவறு. அந்தத் தவறு அமெரிக்க அறிக்கைகளிலும் இருக்கிறது. விஸ்கான்சின் அறிக்கை இன்னும் ஒரு படி போனது. மருத்துவ உதவி பெறுகிறவர் மற்ற உதவிகளையும் பெறுவார் என்று அனுமானித்துத்தான் அந்தப் பெரிய தொகையை எட்டியது.

முதலாளியின் செலவு அரசின் தலைக்கு மாறும் கணக்கு உண்மையில் எங்கே மறைந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள இடுக்கிக்குப் போக வேண்டும். மூணாறில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் தலைமுறைகளாகத் தமிழர்கள். தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-ஆம் ஆண்டது. வீடு, மருத்துவம், பிள்ளைக்காப்பகம் இவையெல்லாம் தோட்ட முதலாளியின் கடமை என்றது அது. கூலிப் பேச்சுவார்த்தை வரும்போதெல்லாம் தோட்ட நிர்வாகங்கள் இந்தச் செலவுகளைச் சுட்டிக்காட்டித்தான் கூலியைக் கட்டுப்படுத்தக் கேட்கின்றன. 2015 செப்டம்பரில் பெம்பிளை ஒருமை என்ற பெயரில் பெண்கள் தொழிற்சங்கங்களையும் ஒதுக்கிவிட்டுச் சாலைக்கு வந்தபோது அவர்களின் நாள்கூலி 232 ரூபாய். 10 சதவீதமாகக் குறைத்த போனஸை 20 சதவீதமாக்கு, கூலியை 500 ஆக்கு என்று கேட்டார்கள். போனஸும் கருணைத் தொகையும் சேர்ந்து 20 சதவீதம் கிடைத்தது. கூலி 301 ஆனது. கூடவே ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவும் 21 கிலோவிலிருந்து 25 கிலோவாக ஏறியது.

அந்தப் போராட்டத்துக்குப் பிறகு நீதிபதி கிருஷ்ணன் நாயர் குழு தோட்டத் துறையைப் பற்றி 2016-இல் அறிக்கை கொடுத்தது. அதன் அடிப்படையில் 2018 ஜூனில் கேரள அரசு சில முடிவுகளை அறிவித்தது. தோட்ட வரி நீக்கம். விவசாய வருமான வரி நிறுத்திவைப்பு. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்குக் கட்டட வரி விலக்கு. தொழிலாளர்களுக்கு அரசின் லைஃப் வீட்டுத் திட்டத்தில் வீடு: நிலத்தைத் தோட்டம் இலவசமாகத் தர வேண்டும், கட்டும் செலவில் பாதியை அரசு ஏற்கும், மறுபாதியைத் தோட்டங்கள் தவணையில் திருப்பித் தர வேண்டும். லயங்களைச் சீரமைக்கவும் பிற்பாடு வரவு செலவுத் திட்டத்தில் பணம் ஒதுக்கப்பட்டது.

இந்த முடிவுகளின் நோக்கம் நல்லது என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். 1951 முதல் யார் செலவில் கட்டப்பட வேண்டிய வீடு அது? கூலியைக் குறைத்துப் பேசுவதற்கு எந்த வீட்டைக் காரணம் காட்டினார்கள்? அந்த வீட்டின் பாதிச் செலவு பொதுப் பணத்துக்கு வந்துவிட்டது. தொழிலாளி அதற்காகக் கூலி உயர்வு ஏதும் பெறவில்லை. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களோடு 70 பேர் போனார்கள். பிழைத்த குடும்பங்களில் எட்டுக்குக் குற்றியார்வேலியில் வீடு கிடைத்தது. நிலம் அரசுடையது, கட்டியது கம்பெனி. அவ்வளவு பேர் இறந்த பிறகுதான் லயம் என்றால் என்ன, ஒரு குடும்பத்துக்கு அதில் எத்தனை அடி இடம் என்று கேரளத்தின் பெரும்பகுதி தெரிந்துகொண்டது. பீருமேட்டுப் பக்கம் 2000-த்திலிருந்து மூடிக் கிடக்கும் தோட்டங்களில் இடிந்த லயங்களில் இன்னும் குடும்பங்கள் இருக்கின்றன. ஓணத்துக்கு அரசு தரும் உதவித் தொகையும் அரிசியும் அவர்களுக்குப் போகின்றன. அவர்களுடைய பணிக்கொடை பாக்கி யார் கணக்கில் நிற்கிறது?

ரேஷன் கார்டை எண்ணும் பட்டியலில் இவற்றில் ஒன்றுகூட வராது. கார்டு பார்த்தால் மூணாறுக்காரரும் மற்றவரைப் போலத்தான். சட்டம் முதலாளியின் தலையில் வைத்த கடமை எப்போது, எவ்வளவு, யார் கையெழுத்தில் அரசின் தலைக்கு மாறியது என்பதுதான் எழுதப்பட வேண்டிய கணக்கு.

இதே கண்ணோடு மலையிலிருந்து இறங்கிக் கஞ்சிக்கோட்டைப் பார்க்கலாம். 1979-ஆம் ஆண்டின் மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளர் சட்டம், அவர்களைக் கூட்டிவரும் ஒப்பந்தக்காரர் தங்குமிடம் தர வேண்டும், மருத்துவம் தர வேண்டும், தவறினால் அது முதன்மை முதலாளியின் பொறுப்பு என்றது. கேரள அரசு 2019-இல் கஞ்சிக்கோடு கின்ஃப்ரா தொழிற்பூங்காவில் ‘அப்னா கர்’ என்ற விடுதியைத் திறந்தது. அறுநூறுக்கும் மேற்பட்ட படுக்கைகள், சமையலறை, சுத்தமான கழிப்பறை. தகர ஷெட்டில் சுருண்டு படுத்தவர்களுக்கு அது உண்மையான மேம்பாடு. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எந்தக் கம்பெனியின் ஆட்கள் அங்கே தங்குகிறார்கள், வாடகையைக் கம்பெனி கொடுக்கிறதா, கூலியில் பிடிக்கிறதா என்பதை அரசு ஒவ்வொரு ஆண்டும் வெளியிட வேண்டும். தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.யும் அப்படித்தான். மாதக் கூலி 21,000 ரூபாய் வரை உள்ளவருக்கு முதலாளி கூலியில் 3.25 சதவீதம் கட்ட வேண்டும். பதிவு செய்யாமல் விடப்பட்டவருக்குக் கை நசுங்கினால் பாலக்காடு மாவட்ட மருத்துவமனையோ கோவை அரசு மருத்துவமனையோ பார்க்கும். கட்டாமல் விட்ட 3.25 சதவீதத்தைக் கட்டியவர்கள் நீங்களும் நானும்.

இதையெல்லாம் வெளியே கொண்டுவர நம்மிடம் கருவி இல்லாமலும் இல்லை. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பு, அங்கே உள்ள முதல் 1,000 கம்பெனிகள் 2022-23 முதல் ஒரு பொறுப்பறிக்கை கொடுக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அதில் எத்தனை பேருக்குச் சரியாகக் குறைந்தபட்சக் கூலி மட்டும், எத்தனை பேருக்கு அதற்கு மேல் என்ற கட்டம் இருக்கிறது. நிரந்தரத் தொழிலாளிக்குத் தனி, மற்றவர்களுக்குத் தனி, ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி. அமெரிக்கப் பட்டியல்களைவிட இது நேர்மையான கேள்வி. கார்டின் வழியாகச் சுற்றிவராமல் கூலியை நேராகக் கேட்கிறது. ஆனால் கஞ்சிக்கோட்டு ரோலிங் மில்களில் பெரும்பாலானவை பிரைவேட் லிமிடெட். மூணாறில் பெரிய தோட்டத்தை நடத்தும் கண்ணன் தேவன் ஹில்ஸ் கம்பெனி, 2005-இல் டாட்டா டீ விலகியபோது தொழிலாளர்களையும் பங்குதாரராகக் கொண்டு உருவானது. அதுவும் பங்குச் சந்தையில் இல்லை. கூலி எங்கே குறைவோ அங்கே இந்த அறிக்கை எட்டுவதில்லை.

பி.எஃப். நிறுவனத்தின் இணையதளம் இதைவிட உதவும். பலருக்கு இது தெரியாது, ஆகவே கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயரைக் கொடுத்துத் தேடினால் மாதவாரியாக எவ்வளவு கட்டினார்கள், எத்தனை பேருக்குக் கட்டினார்கள் என்று காட்டும். தொழிலாளி பங்கு, முதலாளி பங்கு, காப்பீடு, நிர்வாகக் கட்டணம் எல்லாம் சேர்ந்தால் பி.எஃப். கூலியில் ஏறக்குறைய 25 சதவீதம். எடுத்துக்காட்டுக்கு, 30 பேருக்கு 90,000 ரூபாய் கட்டியிருந்தால் ஆளுக்கு 3,000. நான்கால் பெருக்கினால் சராசரி பி.எஃப். கூலி 12,000. படிகளை இதில் சேர்க்காமல் விடுவார்கள், 15,000 ரூபாய் வரம்போடு நிறுத்திக்கொள்கிறவர்களும் உண்டு. எனவே இது முழுக்கூலி ஆகாது. ஆனாலும் இருநூறு பேர் ஷிப்டுக்குள் நுழைவதை ஊரே பார்க்கிற ஆலையில் முப்பது பேருக்குத்தான் பி.எஃப். என்றால், அதைத் தெரிந்துகொள்ள எந்த அதிகாரியிடமும் மனுப் போட வேண்டியதில்லை. தொழிற்சங்கங்கள் இதைத் தங்கள் அறிவிப்புப் பலகையில் மாதம் ஒருமுறை எழுதிப் போடலாம். ஏன் போடுவதில்லை என்று அவர்களிடம் கேட்க வேண்டும்.

பட்டியல் போட்டால் அரசு தன்னையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2025-இல் ஆஷா எனப்படும் கிராமச் சுகாதாரப் பணியாளர்கள் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன்னால் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். அப்போது அவர்களின் மதிப்பூதியம் மாதம் 7,000 ரூபாய். கேட்டது 21,000. கிடைத்தது 1,000 உயர்வு. தொழிலாளியின் கூலியைப் பற்றி ஆலை முதலாளியிடம் கேள்வி கேட்கும் அரசு, தனக்காக வீடு வீடாக நடக்கும் பெண்ணின் வீட்டில் என்ன நிறக் கார்டு என்பதையும் பார்க்கட்டும்.

என் முடிவு இது. அமெரிக்கர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது பெயர் சொல்லும் துணிச்சல். விட்டுவிட வேண்டியது உதவி பெறுகிறவரை எண்ணும் முறை. இங்கே வெளியிடப்பட வேண்டியவை வேறு: ஒவ்வொரு நிறுவனத்திலும், கான்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்து, முழு மாத வேலைக்குக் கிடைக்கும் மிகக் குறைந்த கூலி, நடுமட்டக் கூலி, பி.எஃப்., இ.எஸ்.ஐ. பதிவானவர்களின் எண்ணிக்கை; சட்டப்படி தர வேண்டிய தங்குமிடத்தைத் தந்தவர் யார்; அந்த நிறுவனத்துக்கு அரசு கொடுத்த நிலம், வரிவிலக்கு, மானியம். தொழிலாளியின் பெயரோ கார்டின் நிறமோ அதில் வர வேண்டியதில்லை. ஒப்பந்தக்காரரின் பெயருக்குப் பக்கத்தில் முதன்மை முதலாளியின் பெயரும் நிற்க வேண்டும்.

இதைத் தொடங்க இப்போது ஒரு வாய்ப்பு இருக்கிறது. கொச்சி–பெங்களூரு தொழில் வழித்தடத்தில் பாலக்காடு தொழில் நகரத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 ஆகஸ்டில் ஒப்புதல் கொடுத்தது. 1,710 ஏக்கர், 3,806 கோடி ரூபாய் செலவு, 51,000 வேலை என்பது அரசின் எதிர்பார்ப்பு. பெரும்பாலும் புதுச்சேரியில் எடுக்கப்படும் நிலம் அது. வேலை எத்தனை என்று சொன்னவர்கள் கூலி எவ்வளவு என்று சொல்லவில்லை. மக்கள் பணத்தில் வாங்கிய நிலத்தை ஒரு கம்பெனிக்கு ஒதுக்கும்போது, மேலே சொன்ன விவரங்களை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று ஒதுக்கீட்டு ஒப்பந்தத்திலேயே ஒரு நிபந்தனை எழுதப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. புதுச்சேரி ஊராட்சியின் கிராம சபை இதைத் தீர்மானமாக நிறைவேற்றி அரசுக்கு அனுப்பலாம். நிலம் கைமாறிய பிறகு கேட்டால் பதில் வராது, இப்போதே கேளுங்கள்.